செவிலியர் ஆசிரியருக்கும் ஒரு வார்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் செவிலியர் கல்லூரி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் நான், சென்ற மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு மாணவியர் முன்னிலையில் தலைகுனிய நேர்ந்தது. இரத்த அழுத்தம் இறங்காமல் தாங்கிப்பிடிக்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்த சிரிஞ்சு பம்ப் திடீரென அலறியது; குழாயில் அடைப்பு என்று திரை காட்டியது. நான் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தபோது, முன்பு என்னிடம் படித்து இப்போது அங்கே ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் பெண் வந்து, "மேடம், த்ரீ-வே மூடியிருக்கு" என்றார். குழாயில் மருந்து போகும் வழியைத் திறந்து மூடும் திருகுதான் த்ரீ-வே. அதை உடனே திறந்துவிடவும் இல்லை. குழாயில் தேங்கிய அழுத்தத்தை நோயாளியின் பக்கம் போகாதபடி முதலில் வெளியேற்றிவிட்டு, பிறகே திறந்தார். இல்லாவிட்டால் தேங்கிய மருந்து ஒரே வீச்சில் உடலுக்குள் பாய்ந்துவிடும். இந்தச் சூட்சுமத்தை அவருக்கு நான் கற்பிக்கவில்லை. எனக்கே அது கைப்பழக்கத்தில் இல்லை.

மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவப் பேராசிரியருக்கென்று, அவர் பொறுப்பிலேயே நோயாளிகள் உள்ள ஒரு யூனிட் இருக்கிறது. காலையில் ரவுண்ட்ஸில் பார்த்த நோயாளியையே அவர் பிற்பகலில் பாடமாக்க முடியும். செவிலியர் பேராசிரியர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு வார்டு கிடையாது. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற இந்திய செவிலியர் குழுமத்தின் விகிதப்படி மாணவியரை அழைத்துச் செல்கிறோம், லாக் புக்கில் கையெழுத்திடுகிறோம், எந்த நோயாளிக்கும் பொறுப்பேற்காத விருந்தாளிகளாகத் திரும்பிவிடுகிறோம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கற்பிப்பவர்களே வார்டுப் பொறுப்பையும் சேர்த்து வகிக்கும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பது அங்கே பெரிய வசதி என்பதை மறுக்கவில்லை. வேறொரு மருத்துவமனையில் அனுமதி பெற்று மாணவியரை அனுப்பும் கல்லூரிகளில், வார்டு செவிலியரின் பார்வையில் நாங்கள் வெளியாட்களே.

ஆசிரியர்களும் வார்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்ற இந்த யோசனையைக் கேட்டதுமே சக ஆசிரியர்கள் சிலர் பதறுகிறார்கள். ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் எங்களை இரவு ஷிஃப்டுக்கு இழுத்துவிட்டு, வகுப்பு நேரத்தையும் விடைத்தாள் திருத்தும் வேலையையும் ஒரு துளிகூடக் குறைக்காமல் விட்டுவிடுவார்கள் என்ற அவர்களது அச்சம் நியாயமானதுதான்; நிர்வாகங்களை அறிந்தவர்கள் அதைக் கற்பனை என்று சொல்லமாட்டார்கள். ஆகவே வார்டில் செலவிடும் மணிநேரம் கற்பித்தல் பணிநேரத்துக்குள்ளேயே கணக்கிடப்பட வேண்டும். அங்கு எங்களுக்குக் குறிப்பிட்ட நோயாளிகளும், அவர்களது பராமரிப்பில் முடிவெடுக்கும் அதிகாரமும் எழுத்துபூர்வமாகத் தரப்பட வேண்டும். பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்கு நிகராக அந்த அனுபவமும் எடைபோடப்பட வேண்டும். 1947-ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் குழுமச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. அதன்கீழ் ஆசிரியர் தகுதிகளுக்கான விதிகளை வகுக்கும்போதே இவற்றையும் சேர்த்துவிடலாம்.

அதுவரை காத்திருக்க மனமில்லாமல், வாரம் ஒரு நாள் அதே தீவிர சிகிச்சைப் பிரிவில் என் பழைய மாணவியுடன் பணிபுரிய அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தேன். மருத்துவமனை ஒப்புக்கொண்டது. அந்த நாட்களை என் சொந்த விடுப்பிலிருந்தே கழித்துக்கொள்வோம் என்று கல்லூரி நிர்வாகம் பதில் அளித்திருக்கிறது.

இப்படிக்கு,
செவிலியர் ஆசிரியர் ஒருவர்,
மதுரை