மறுத்த 14 பேரைப் பற்றியும் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் சமூக உளவியல் செமினார் என்றதும் மாணவர்கள் முதலில் கையிலெடுப்பது ஸ்டான்லி மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனையைத்தான். தவறான விடை சொல்லும் ‘மாணவர்’ ஒருவருக்கு, ஆய்வாளரின் கட்டளைப்படி, படிப்படியாகக் கூடும் மின்னதிர்ச்சியைக் கொடுக்கும்படி பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்ட சோதனை அது. ‘65 விழுக்காட்டினர் 450 வோல்ட் வரை போனார்கள், மனிதன் இயல்பிலேயே கொடியவன்’ என்று முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மில்கிராமின் எண்களை முழுதாகப் பார்த்தால் அந்த முடிவுக்கு வர முடியாது.

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்த ஆய்வு, சூழலை மாற்றி மாற்றிச் செய்த பல சோதனைகளின் வரிசை. 65 என்பது, ‘மாணவர்’ வேடமேற்றவர் பக்கத்து அறையில் இருந்தபோது 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனதன் கணக்கு. அவரை அதே அறைக்குக் கொண்டுவந்ததும் 40 விழுக்காடாக இறங்கியது. அவர் கையைப் பிடித்து மின்னதிர்ச்சித் தகட்டில் அழுத்தச் சொன்னபோது 30. ஆய்வாளர் வெளியே போய்த் தொலைபேசியில் கட்டளையிட்டபோது ஏறக்குறைய 20. பங்கேற்பாளர்களைப் போல் நடித்தபடி உடன் இருந்த இருவர் மறுத்து விலகியபோது வெறும் 10. இந்த ஐந்து எண்களையும் ஒரே ஸ்லைடில் பட்டை வரைபடமாகப் போட்டாலே பாதி செமினார் முடிந்தது. ஒரே மாதிரியான மனிதர்கள், சூழல் மாறியதும் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும்.

கரும்பலகையில் சுவிட்ச் பலகையையும் வரையச் சொல்லுங்கள்: 15 வோல்ட்டில் தொடங்கிப் பதினைந்து பதினைந்தாக ஏறும் 30 சுவிட்சுகள். படி அவ்வளவு சிறியதாக இருப்பதால், ‘இதுவரை சரி, இனி மாட்டேன்’ என்று சொல்ல ஓர் இடம் அமைவதில்லை. இருந்தும் அந்த முதல் சோதனையில் 14 பேர் மறுத்தார்கள். அடுத்த அறையிலிருந்து சுவரைத் தட்டும் ஓசை 300 வோல்ட்டில் வந்தது. அத்தோடு ஐந்து பேர் நிறுத்தினார்கள், 315இல் நான்கு பேர். 375ஐத் தாண்டிய யாரும் இடையில் நிற்கவில்லை. மின்சாரம் உண்மையில் அந்த ‘மாணவர்’ மீது பாயவே இல்லை என்பதையும், பங்கேற்றவர்களுக்கு மாதிரிக்காக 45 வோல்ட் அதிர்ச்சி மட்டும் தரப்பட்டது என்பதையும் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சுற்றியிருப்பவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொல்லும்போது ஒருவர் கோட்டின் நீளம் பற்றி என்ன சொல்கிறார் என்று பார்க்கும் சாலமன் ஆஷின் கோடு சோதனையை வகுப்பிலேயே செய்துகாட்டும் ஆசையும் பல மாணவர்களுக்கு இருக்கிறது. ஏழு நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து ஒருவரை மட்டும் ஏமாற்றுவது வேண்டாம். ஏமாந்தவர் எல்லோர் முன்னும் கேலிக்கு ஆளாவார், பிறகு உட்காரவைத்து விளக்கவும் நேரம் இருக்காது. அதற்குப் பதில், கண்ணாடி பாட்டில் ஒன்றில் முந்தைய நாளே எண்ணிப் போட்ட கொண்டைக்கடலை போதும். முதலில் ஒவ்வொருவரும் தன் மதிப்பீட்டைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். பிறகு ஆறாறு பேராகப் பேசி ஓர் எண்ணுக்கு வரட்டும். கடைசியில் தனியாக மறுபடி எழுதட்டும். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் இடையே மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களின் இடைவெளி எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிட்டால் குழுவின் இழுப்பு தெரியும். முதல் சுற்றை வாய்விட்டுச் சொல்ல வைத்தால் எல்லாம் கெட்டுப்போகும். முதலில் சொன்னவரின் எண் மற்றவர்களை இழுத்துவிடும்.

மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் இருக்கவைத்த 1971ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையைச் சொல்பவர்கள், அதை நடத்திய உளவியலாளர் ஜிம்பார்டோ தாமே சிறைக் கண்காணிப்பாளராக இருந்ததையும், காவலர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்பே வழிகாட்டப்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 14 நாள் திட்டம் 6 நாளில் நின்றது என்ற பரபரப்பு மட்டும் போதாது.

செமினாருக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டுத் தாளில், ‘மறுத்தவர்கள் எத்தனை பேர், எந்தக் கட்டத்தில், எந்தச் சூழலில்?’ என்ற கேள்வியைச் சேர்த்து, அதற்கு ஐந்து மதிப்பெண்ணாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியர்கள் இருவர்,
மதுரை