ரோட்டைப் பார்த்து நிற்கும் பூ

மாப்ளே,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை, திட்டுவதென்றால் திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது, மகள் பாளையங்கோட்டையில் காலேஜ் சேர்ந்துவிட்டாள், நம்ம 'கலெக்டர்' இன்னும் பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறான். சரி, விஷயம் உன் வயலைப் பற்றி.

ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரம் பக்கம் வந்து உனக்கு எத்தனை வருஷம் ஆச்சு? குற்றாலத்தில் குளித்த கூட்டம் ஈரத்தலையோடு சூரியகாந்தி பார்க்க இங்கே வந்துவிடுகிறது. புளியரை வழியாக இறங்கும் கேரள வண்டிகளால் ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் சைக்கிள்கூடப் போக முடியாது. கயிறு கட்டி, வயலுக்குள் போக தலைக்கு 20 ரூபாய் வாங்குகிறார்கள்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. மொட்டாக இருக்கும்வரைதான் அது சூரியன் பின்னால் திரும்பும், நன்றாக மலர்ந்துவிட்டால் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். ஆக ரோட்டுக்கு மேற்கே உள்ள வயலில் பூவெல்லாம் ரோட்டைப் பார்க்கும், கிழக்கே உள்ளதில் முதுகைக் காட்டும். என்னுடையது கிழக்கே, எனக்கு வேறென்ன வாய்க்கும்! உன் அப்பா வாங்கினபோது, 'ரோட்டோரம், ஆடுமாடு மேய்ந்தே தீர்த்துவிடும்' என்று ஊரே சிரித்ததே, அந்த வயல் மேற்கே.

வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. 2022-ல் அங்கே சண்டை மூண்டதும் நம்ம ஊர்க் கடையில் விலை ஏறியது. நம்ம விதைக்கு மட்டும் வியாபாரி சொன்னதுதான் விலை. அப்படி இருக்கையில் பூவுக்கே காசு வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கிளியை டப்பா தட்டி விரட்டலாம், செடியை ஒடித்துக்கொண்டு உள்ளே போகிற குடும்பத்தை எப்படி விரட்ட? போன வாரம் களை வெட்டிக்கொண்டிருந்த ஆச்சியிடம் ஒருத்தன், மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கச் சொன்னான். "படத்துக்குத் தனிக் கூலி உண்டாய்யா?" என்றாள். பதில் இல்லை, ஆள் வண்டியில் ஏறிவிட்டான்.

இப்போது தென்காசிக்காரர் ஒருவர் உன் வயலின் ரோட்டோரத்தைச் சீசனுக்கு மட்டும் குத்தகைக்குக் கேட்கிறார். ஊஞ்சல், டீக்கடை, குடை என்று பெரிய திட்டம். உன் நம்பர் கேட்டார், நான் கொடுக்கவில்லை. காரணம் அண்ணாச்சி. உன் அப்பா காலத்திலிருந்து அந்த வயலை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுகிறவர். விதையில் பாதி என்பதுதான் பேச்சு, பூவைப் பற்றி அப்போது யார் நினைத்தார்கள்? இந்த வருஷம் வந்த போட்டோ காசை நோட்டில் எழுதி, அதில் கைவைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார். பாதி உனக்கு என்கிறார். நீ அதை வாங்கக்கூடாது என்பது என் கட்சி, ஆனால் வயல் உன்னுடையது.

அந்தத் தென்காசிக்காரர் எப்படியும் உன்னைப் பிடித்துவிடுவார். அதற்குள் நீ அண்ணாச்சிக்கு ஒரு போன் போடு. வெள்ளிக்கிழமை இரவு நன்று, அன்றைக்கு அவர் பேரன் வீட்டில் இருப்பான், போனை எடுத்துக் கொடுப்பான்.