உன் போஸ்டருக்குப் பக்கத்தில் நீ நிற்க வேண்டும்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை, காலையில் தண்டையார்பேட்டை மார்க்கெட் வரை நடந்தே போய் வருகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உங்கள் பல்கலைக்கழக ஆய்வு விழாவைப் பற்றிச் சொன்னாய். மாணவர்கள், பேராசிரியர்கள் எல்லாருடைய ஆராய்ச்சியையும் ஒரே நாளில் மண்டபத்தில் வைத்துக் கொண்டாடப் போகிறார்கள், உன் போஸ்டரும் தேர்வாகியிருக்கிறது என்றாய். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிஷமே, "குத்துவிளக்கு, பொன்னாடை, குரூப் போட்டோ, அவ்வளவுதாம்மா. நான் போஸ்டரை ஒட்டிட்டு லேபுக்குப் போயிடுவேன்" என்றும் சொல்லிவிட்டாய். போனில் இதைப் பற்றிப் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ போகக்கூடாது, கதிர். விழா முடியும் வரை உன் போஸ்டருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். யார் வந்து கேட்டாலும் சொல்ல வேண்டும்.

கல்லூரி லேபில் அட்டெண்டராக இத்தனை வருஷம் இருந்தவள் நான். பியூரெட், பிப்பெட், பெட்ரி டிஷ் எல்லாம் என் கையில் கழுவப்பட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போகும். யார் ஒழுங்காக வேலை செய்கிறார், யார் பக்கத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிறார் என்பது சாமான் திரும்பி வருகிற நிலையைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். விழாக்களையும் பார்த்திருக்கிறேன். சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று தன் கண்டுபிடிப்பைச் செய்தார் என்று 1987-லிருந்து அந்த நாளை அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறார்கள் அல்லவா, எங்கள் கல்லூரியில் அன்றைக்குத்தான் பிள்ளைகளும் மேடம்களும் தங்கள் வேலையைக் காட்டுவார்கள். நீ சொல்கிற பொன்னாடையும் போட்டோவும் அங்கேயும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு தடவை நடந்ததைக் கேள். எம்.எஸ்சி. படிக்கிற பெண் ஒருத்தி, கொருக்குப்பேட்டை பக்கத்துத் தெருக் குழாய்த் தண்ணீரில் கிருமி பார்த்திருந்தாள். உனக்குத் தெரிந்த சோதனைதான். டியூபுக்குள்ளே தலைகீழாகக் கவிழ்த்த குட்டி டியூப், அதில் தண்ணீரையும் சத்துக் கரைசலையும் விட்டு 37 டிகிரியில் வைத்து, இரண்டு நாளைக்குள் கிருமி விடுகிற காற்று குட்டி டியூபில் சேருகிறதா என்று பார்ப்பது. அந்தக் குட்டி டியூபுகளைக் கழுவுவதுதான் லேபிலேயே பொறுமை கேட்கிற வேலை. உள்ளே ஒரு பொட்டு சோப்பு தங்கினாலும் முடிவு மாறிவிடும். ராத்திரி எட்டு மணி வரை அவளோடு உட்கார்ந்து கழுவினேன்.

விழா அன்று கல்லூரி முதல்வர் வந்தார், பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு எங்கள் வாட்ச்மேன் அண்ணன் வந்து நின்றார். "ஏம்மா, தண்ணியை ஐஸ் பெட்டியில வெச்சுத்தான் எடுத்தாரணுமா?" என்று கேட்டார். சூட்டில் விட்டால் வழியிலேயே கிருமி பெருகிவிடும், குழாயில் இருந்தது எவ்வளவு, வழியில் கூடினது எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்று அவள் சொன்னாள். அவர் விடவில்லை. "சரி, இதுல எங்க தெரு எது?" என்றார். போஸ்டரில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்றுதான் இருந்தது. பக்கத்தில் நின்ற மேடம் ஒன்றும் பேசாமல் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எஸ்1-க்குப் பக்கத்தில் தெருப் பெயரைத் தமிழில் எழுதினாள் அவள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எழுதினாள். அதற்குப் பிறகு அந்த போஸ்டர் முன்னால் கூட்டம் குறையவே இல்லை. கேன்டீனில் வேலை செய்கிறவர்கள், பிள்ளைகளைக் கூப்பிட வந்த அம்மாக்கள் எல்லாரும் தங்கள் தெருவைத் தேடினார்கள். அந்தப் பெண் அன்று பதில் சொல்லிச் சொல்லியே தன் வேலையை இன்னொரு தடவை படித்தாள். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நோட்டில் குறித்துக்கொண்டதைக் கூட நான் பார்த்தேன்.

அந்த மேடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க வகுப்பு, நடுவில் தேர்வுத்தாள், அலுவலக வேலை. எல்லாம் முடிந்து நாலு மணிக்கு மேல்தான் அவருடைய சொந்த ஆராய்ச்சி தொடங்கும். கெமிக்கல் வாங்கக் காசு வராத மாதம் கைக்காசு போடுவார். அவருடைய கட்டுரை ஒன்று அச்சில் வந்தபோது மாணவியின் பெயரை முதலில் போட்டு, தன் பெயரைக் கடைசியில் போட்டிருந்தார். அப்படிப்பட்டவருக்கு வருஷத்தில் ஒரு நாள் எல்லாரும் கைதட்டினால் அது வெறும் சடங்கா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன் கைடும் அன்று மேடையில் இருப்பார் என்றாய். நீ மண்டபத்தில் இல்லாமல் போனால் அவருக்கு எப்படி இருக்கும்?

சின்ன வயதில் உன்னை ராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனது நினைவிருக்கிறதா? கணக்கு வாத்தியார் பி.கே. சீனிவாசன் பாடுபட்டுச் சேர்த்தவை எல்லாம் அங்கே இருக்கின்றன. 1993-ல் தொடங்கியது. நீ அங்கே கடிதங்களைப் பார்க்காமல் கணக்குப் புதிர் விளையாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். அந்த இராமானுஜன் நம் பக்கத்துத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளம். கையில் பட்டம் கிடையாது. ஆனால் நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டியிருக்கிறார். கணிதச் சங்கம் தொடங்கிய இராமசாமி ஐயரிடம் காட்டினார், நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் காட்டினார், துறைமுகத்தில் தன் மேலதிகாரி நாராயண ஐயரிடம் காட்டினார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இன்னும் பத்து வரி எழுதினால்தான் மற்றவர்களுக்குப் புரியும் என்று நாராயண ஐயர் அவரைத் தொல்லை பண்ணிக்கொண்டே இருப்பாராம். 1913 ஜனவரியில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது. அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்ன செய்தாய் என்று அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் எழுதிக் கொடுத்தார். அவ்வளவு பெரிய மூளைக்கே காட்டுவதும் விளக்குவதும் வேலையில் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது. உனக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின போஸ்டரை மின்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக பிரிண்ட் போட்டு வாங்கி வந்தேன். இங்கிலீஷ் முழுதாகப் புரியாவிட்டாலும் படம் புரிந்தது. காக்கா ஆழி, அந்த ஓட்டு மட்டிதான்! அதைப் பார்த்ததும் எண்ணூர் கழிமுகம் முழுக்கக் கண்முன் வந்துவிட்டது. நீயும் மாமாவும் பிளாஸ்டிக் பைப்பை அறுத்து ஒட்டி, சதுரமாகச் சட்டம் செய்தீர்களே, அந்தச் சட்டத்தைச் சேற்றில் போட்டு, அதற்குள் இருப்பதை மட்டும் வழித்தெடுத்து, சல்லடையில் அலசி, வீட்டுக்குக் கொண்டுவந்து நியூஸ்பேப்பரில் கொட்டி எண்ணினீர்களே, அந்தச் சட்டமும் போஸ்டரில் இருக்கிறது. ஓரத்தில் மாமாவின் கால் கூடத் தெரிகிறது. சேறு படிந்த கால். நான் விரலை வைத்துப் பார்த்தேன், அவருடைய கால்தான்.

அந்த ஆழியை முதலில் பார்த்தது யார் என்று உனக்குத் தெரியும். கொசஸ்தலை ஆற்றில் கையால் இறால் பிடிக்கிறவர்கள்தான். சேற்றில் கையை விட்டால் இறாலுக்குப் பதிலாக ஓடு கீறுகிறது என்று அவர்கள்தான் முதலில் சொன்னார்கள். கோரைப்பாய் விரித்த மாதிரி அடியை மூடிக்கொண்டால் இறால் எங்கே புதையும்? தென் அமெரிக்கக் கரைப் பிராணி, கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பி வருகிற தண்ணீரோடு வந்திருக்கலாம் என்று நீ பிறகு வந்து சொன்னபோது, காட்டுக்குப்பத்தில் மாமா வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள். கொச்சிக் காயலிலும் அதே ஆழி இருக்கிறது என்று நீ அங்கே படிக்கப் போனதும் அதனால்தான். இதெல்லாம் எனக்குப் பெருமை. ஆனால் போஸ்டரின் அடியில் நன்றி என்று போட்டிருக்கிற இடத்தில் கைடு பெயர் இருக்கிறது, உதவித்தொகை கொடுத்தவர்கள் பெயர் இருக்கிறது, கருவி கொடுத்த துறையின் பெயர் இருக்கிறது. மாமா பெயர் இல்லை. படகு ஓட்டினவர்கள், இடம் காட்டினவர்கள் பெயரும் இல்லை. இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் சேர்த்துவிடு, கண்ணா. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே சேர்.

ஆராய்ச்சிக்கு வீட்டைத் திறந்துவிட்டவர்கள் இந்த ஊரில் நிறைய. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்து நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்களையும், நெருக்கமான வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்ட ஏழைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திடீரென்று வீட்டுக்கு வந்து மீதி மாத்திரையை எண்ணுவார்கள். ஒரு வருஷச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தது. 1959-ல் அந்த முடிவு வெளிவந்த பிறகு, காசநோய்க்காரரை வீட்டை விட்டுப் பிரித்துப் படுக்க வைக்கத் தேவையில்லை என்று உலகமே மெதுவாக மாறியது. கதவைத் திறந்து மாத்திரை டப்பாவைக் காட்டிய அந்தக் குடும்பங்களை நான் அடிக்கடி நினைப்பேன். இரண்டு பக்கமும் சேர்த்து 193 நோயாளிகள். அவர்களில் ஒருத்தர் பெயராவது உனக்கோ எனக்கோ தெரியுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடினபோது கூழைக்கடா எல்லாம் கறுப்பாக நின்றதை நீயே பார்த்தாய். அப்போதும் அதற்கு முன்னாலும் எத்தனையோ பேர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள், சேறு அள்ளினார்கள், மீன் வாங்கிப் போனார்கள். திரும்பி வந்து இதுதான் முடிவு என்று சொன்னவர்கள் கம்மி என்பது மாமாவின் நெடுநாள் வருத்தம். நீ அந்தக் கூட்டத்தில் சேரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். போஸ்டரில் உள்ளதைத் தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்பு. காட்டுக்குப்பத்தில் நானே வாசித்துக் காட்டுகிறேன். வரைபடத்தில் எந்த இடம் என்பதை நம்பரில் போடாமல், அவர்கள் சொல்கிற பெயரிலேயே போடு. உனக்குத் தெரியாத பெயர் இருந்தால் மாமாவிடம் போனில் கேள், சந்தோஷமாகச் சொல்வார்.

இன்னொரு விஷயம். விழாவுக்கு வெளியாட்கள் வரலாமா என்று உன் கைடிடம் கேட்டுச் சொல். வரலாம் என்றால் எனக்கும் மாமாவுக்கும் சென்ட்ரலிலிருந்து ஆலப்புழை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடு. அப்பா முட்டியோடு அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்கிறார், வீட்டைப் பார்த்துக்கொள்கிறாராம். மாமாவுக்குக் கீழ் பெர்த் கிடைத்தால் நல்லது. நீ கேட்ட நெத்திலிக் கருவாடும் கொண்டுவருகிறேன், ஹாஸ்டலில் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று மட்டும் பார்த்துவை.

மாமா இப்போதே கேள்விகளைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். மழை வெள்ளத்தில் நல்ல தண்ணீர் இறங்கினால் ஆழி சாகுமா, எத்தனை நாள் தாங்கும்? அள்ளிக் கரையில் போட்டால் அதன் குஞ்சு திரும்ப ஆற்றில் இறங்குமா? ஓட்டைச் சுண்ணாம்புக்குச் சுடலாமா? கேரளத்தில் அதைச் சாப்பிடுகிறார்களா? எண்ணூர்ச் சேற்றில் வளர்ந்ததைச் சாப்பிடலாமா? எல்லாவற்றுக்கும் உன்னிடம் பதில் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லாததை இல்லை என்றே சொல், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உன் பேராசிரியரிடமும் கேட்பார். மலையாளம் வராது, நீதான் நடுவில் நின்று சொல்ல வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா