காலியாகக் கிடக்கும் நாட்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கு வருவோருக்கு வீட்டை நாள்வாடகைக்கு விடுவது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படியொரு வீட்டை நடத்திவருபவள் என்ற முறையில் அதில் பல செய்திகளோடு உடன்படுகிறேன். ஆனால் படங்கள், தலைப்பு, வாடகை நிர்ணயம் என்று விளம்பரத்துக்கு முக்கால் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், பராமரிப்பு என்று வரும்போது அவ்வப்போது சுத்தம் செய்துகொண்டால் போதும் என்ற அளவில் ஒரே வாக்கியத்தோடு நிறுத்திவிட்டார். அந்த 'அவ்வப்போது' என்ற சொல்லுக்குள்தான் இத்தொழிலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

விளம்பரத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. டேவிட் கிளவுஸ் என்பவர், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற ஊரொன்றில் இருந்த தம் வீட்டை வாடகைக்கு விடுவதற்காக 1995-இல் ஓர் இணையதளத்தைத் தொடங்கினார். இன்று வெர்போ என்று அறியப்படுவது அதுதான். 2008-இல் தொடங்கப்பட்ட, இதே வகை வாடகைத் தளமான ஏர்பிஎன்பியும் தொடக்கத்தில் தடுமாறியபோது, அதன் நிறுவனர்கள் 2009-இல் நியூயார்க் சென்று, வீடு வீடாக ஏறித் தாங்களே நல்ல படங்களை எடுத்துப் போட்ட பிறகே முன்பதிவுகள் கூடின என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. மங்கலான படம் நல்ல வீட்டையும் கெடுத்துக் காட்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் நல்ல படத்துக்கும் பொய்யான படத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். தொடக்கத்தில் என் வீட்டின் விளம்பரத்தை ஒரு முகவரிடம் ஒப்படைத்திருந்தேன். அவர் அனுப்பிய ஆள் அகலக் கோண லென்ஸோடு வந்து, இரண்டாவது அறையின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்த படத்தில், கட்டிலைச் சுற்றி நடக்கவே பக்கவாட்டில் திரும்ப வேண்டிய அந்த அறை ஒரு கூடம்போலத் தெரிந்தது. எனக்கும் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது, தடுக்கவில்லை. அந்தப் படத்தை நம்பி, முதியவர் ஒருவரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்த குடும்பம், பெட்டிகளை வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்று என்னைத் தொலைபேசியில் அழைத்தது. அவர்கள் எழுதிய மதிப்பீட்டில் வீடு அழுக்கு என்றோ வசதி இல்லை என்றோ ஒரு சொல் இல்லை. படத்தில் உள்ள வீடு இதுவல்ல என்று மட்டும் இருந்தது. அதற்கு எழுதப் பதில் எதுவும் என்னிடம் இல்லை.

அதன் பிறகு படங்களை நானே எடுக்கிறேன். விளக்குகளை அணைத்து, திரைகளை விலக்கி, காலை வெளிச்சத்தில், கேமராவை மார்பளவு உயரத்தில் பிடித்து, அறையின் உண்மையான அளவு தெரியும்படி எடுப்பதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. மாடிக்கு எத்தனை படிகள், கைப்பிடி எந்தப் பக்கம், எந்த அறைக்குத் தெருவின் இரைச்சல் கேட்கும், வண்டி நிறுத்த எவ்வளவு இடம் என்பதையெல்லாம் விவரக் குறிப்பின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரணைகள் கொஞ்சம் குறைந்தன. வருபவர்களில் வீட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அநேகமாக இல்லாமலே போனார்கள். ஏர்பிஎன்பியில் விருந்தினர் கிளம்பிய பின் 14 நாட்களுக்குள் இரு தரப்பும் மதிப்பீடு எழுதலாம். இரண்டும் வந்து சேரும்வரை, அல்லது கெடு முடியும்வரை, ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படாது. விருந்தினரை நயந்து பேசி நல்ல வார்த்தை வாங்கிவிடலாம் என்று நினைப்போருக்கு இந்த ஏற்பாடு இடம் தருவதில்லை. ஆகவே அவர் எழுதப்போவது அவர் கதவைத் திறந்தபோது என்ன இருந்தது என்பதைப் பற்றியது.

கதவைத் திறக்கும்போது முதலில் தெரிவது வாடைதான். இரண்டாம் ஆண்டில், மூன்று வாரம் பூட்டியிருந்த வீட்டைத் திறந்தபோது சாக்கடை நாற்றம் முகத்தில் அடித்தது. குழாய் எங்கோ உடைந்துவிட்டது, தரையைப் பெயர்க்க வேண்டும் என்று எண்ணிப் பதறிப்போய் பிளம்பரை அழைத்தேன். அவர் குளியலறைக்குள் போய், தரையில் உள்ள வடிகாலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிக் கிளம்பினார். விஷயம் அவ்வளவுதான். வடிகாலுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் அடியில் குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீர்தான் சாக்கடைக் காற்று உள்ளே ஏறாமல் தடுக்கிறது. ஆள் புழங்காத வீட்டில் அந்த நீர் வற்றிவிடுகிறது. நீண்ட நாள் பூட்டப்போகிறோம் என்றால், தண்ணீரை ஊற்றி அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெயையும் விட்டால் ஆவியாவது தாமதமாகும் என்பதையும் அவரே போகிற போக்கில் சொல்லிக்கொடுத்தார்.

ஆள் இருக்கும் வீடு தேய்வது கண்ணுக்குத் தெரியும். ஆள் இல்லாத வீடு கெடுவது தெரிவதில்லை. மின்சாரத்தை நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியின் கதவையும் சாத்திவிட்டுப் போனால் சில நாட்களில் உள்ளே கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். கதவைச் சற்றுத் திறந்து ஒரு துணியைச் செருகிவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் சுவரிலும் மெத்தையின் அடியிலும் அதே கதைதான்.

இவற்றையெல்லாம் விடக் கவலைக்குரியது குழாய்களில் அசையாமல் நிற்கும் தண்ணீர். 1976-இல் பிலடெல்பியா நகர ஓட்டல் ஒன்றில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே கடும் நிமோனியா பரவிப் பலர் இறந்தபோதுதான் லீஜனெல்லா என்ற நுண்ணுயிரைப் பற்றி உலகம் அறிந்தது. ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தேங்கிய நீரில் அது பெருகும். ஷவரிலிருந்து பறக்கும் நுண்துளிகள் வழியாக நுரையீரலுக்குள் போகும். ஒரு வாரத்துக்கு மேல் பயன்படாமல் இருந்த வீட்டில், விருந்தினர் வருவதற்கு முன் எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்துவிடுவதும், வெந்நீர்த் தொட்டியின் நீரை 60 டிகிரியில் வைப்பதும், ஷவர் தலையில் படிந்த உப்பை அவ்வப்போது சுரண்டி எடுப்பதும் இதற்காகத்தான். திறந்துவிடும்போது துளிகள் தெறிக்காமல் ஷவரை ஒரு வாளிக்குள் இறக்கிப் பிடிப்பது நல்லது. விளம்பரத்தில் இதையெல்லாம் யாரும் எழுத முடியாது. செய்யாமல் இருக்கவும் முடியாது.

கட்டுரையாளர் சுத்தம் என்று சொன்னதற்கு வருகிறேன். ஒரு விருந்தினர் காலை 11 மணிக்குக் காலி செய்து, அடுத்தவர் பிற்பகல் 3 மணிக்கு வந்தால் இடையில் இருப்பது நான்கு மணி நேரம். அதற்குள் துணிகளை உரித்து மாற்ற வேண்டும், குளியலறையைத் தேய்த்து உலர்த்த வேண்டும், சமையலறைச் சாமான்களை எண்ணிப் பார்க்க வேண்டும், சோபாவின் இடுக்கில் கைவிட்டுத் துழாவ வேண்டும், ரிமோட்டில் பேட்டரி உள்ளதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். என் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் இவற்றோடு, மெத்தையின் நான்கு மூலைகளிலும் தையல் ஓரத்தைக் கட்டைவிரலால் விரித்து, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்ப்பார். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தென்பட்டால் மூட்டைப்பூச்சி வந்துவிட்டது என்று பொருள். ரத்தமே கிடைக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய பூச்சி அது. வீட்டைப் பூட்டிப்போட்டால் செத்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். கட்டில் சட்டத்துக்கும் சுவர் விரிசலுக்கும் ஆள் வைத்துத்தான் மருந்து அடிக்க வேண்டும், அதுவரை வரும் முன்பதிவுகளை ரத்து செய்ய வேண்டும். ஒருமுறை அவர் அப்படிக் கண்டுபிடித்துச் சொன்னதால், அன்று மாலை வரவிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பி, வேறோரிடத்தில் தங்க ஏற்பாடு செய்தேன். அந்த வாரம் நஷ்டம்தான். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் நேர்ந்திருப்பதை நினைக்க எனக்குத் தெம்பில்லை.

இப்பணியைச் செய்வோருக்கு 'ஒரு வீட்டுக்கு இவ்வளவு' என்று கூலி பேசுவது வழக்கமாக இருக்கிறது. அப்படிப் பேசினால் வேலையைச் சீக்கிரம் முடிப்பவருக்கே ஆதாயம். தையல் ஓரத்தை விரித்துப் பார்ப்பவருக்கு இல்லை. நான் மணிக்கணக்கில் தருகிறேன். முகவர்கள் இதை ஊதாரித்தனம் என்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எரிவாயு அடுப்போ வெந்நீர்க் கொதிகலனோ உள்ள வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி மட்டும் போதாது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதால் அதற்குத் தனிக் கருவி தேவை. வீட்டுக்குச் சாதாரணமாக எடுக்கும் காப்பீடு, பணம் வாங்கி ஆட்களைத் தங்கவைக்கும்போது செல்லாமல் போகக்கூடும். பத்திரத்தை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது. பாதுகாப்பு என்ற பெயரில் வீட்டுக்குள் கேமரா வைக்கக் கட்டுரையாளர் பரிந்துரைத்திருப்பது பெரும் பிழை. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் அதை முற்றாகத் தடை செய்துவிட்டது. தடை இல்லாவிட்டாலும் அது முறையல்ல. பல தளங்களில் ஒரே வீட்டைப் பதிவிடுவோர், நாட்காட்டிகள் ஒன்றோடொன்று இணைந்து புதுப்பிக்கச் சில மணி நேரம் ஆகலாம் என்பதை மறந்தால், ஒரே நாளுக்கு இரண்டு குடும்பங்கள் வாசலில் வந்து நிற்கும்.

இத்தொழிலில் இறங்க எண்ணுவோர் தங்கள் கட்டுரையைப் படித்துத்தான் கணக்குப் போடுவார்கள். விருந்தினர் தங்கும் இரவுகளுக்கான வரவை மட்டும் பார்த்து, தங்காத நாட்களுக்கான உழைப்பையும் செலவையும் அவர்கள் விட்டுவிடக் கூடாது. ஆகவே இதன் தொடர்ச்சியாக, விளம்பர முகவர்களையும் உரிமையாளர்களையும் விட்டுவிட்டு, இத்தகைய வீடுகளைச் சுத்தம் செய்து பேணுபவர்கள் சிலரைப் பேட்டி கண்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் செய்தியாளர் அவர்களை அழைக்கும்போது, காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் மட்டும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி