16ம் நம்பர் ஜெர்சியும் ஸ்கோர்ல வராத கோல் கீப்பரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்திய ஹாக்கி டீம் கோல் கீப்பரா இருந்த ஸ்ரீஜேஷோட 16ம் நம்பர் ஜெர்சியை ரிட்டயர் பண்ணதெல்லாம் கொஞ்சம் ஓவர், ஒரு நம்பரைப் பூட்டி வச்சு என்ன ஆகப்போகுது, அடுத்து வர்ற பையனுக்குக் கொடுத்தா அவனுக்கும் ஒரு வெறி வரும்லனு உங்க வாசகர் ஒருத்தர் எழுதியிருந்தார். அதுல பாதிக்கு நம்ம ஹாக்கி சங்கமான ஹாக்கி இந்தியாவே 2024 ஆகஸ்ட்லயே பதில் சொல்லிருச்சு சார். சீனியர் டீம்லதான் 16 இனி யாருக்கும் கிடையாது, ஜூனியர் டீம்ல பசங்க தாராளமா போட்டுக்கலாம். மீதி பாதிக்குத்தான் இந்த லெட்டர்.

கிரிக்கெட்ல சச்சினோட 10, தோனியோட 7 ரெண்டையும் எடுத்து வச்சாங்க, நாம எல்லாரும் கை தட்டினோம். ஐஸ் ஹாக்கில வெய்ன் கிரெட்ஸ்கினு ஒரு ஜாம்பவான், அவரோட 99ஐ என்.ஹெச்.எல்.ங்கற வட அமெரிக்க லீக்ல எந்த டீமும் தொட முடியாது. ஆனா இவங்கல்லாம் ரன் அடிச்சவங்க, கோல் போட்டவங்க, ரெக்கார்டைப் புரட்டினாலே பேர் வந்து நிக்கும். கோல் கீப்பர் பொழப்பு வாட்ச்மேன் பொழப்பு மாதிரி, களவு போனா மட்டும்தான் பேர் அடிபடும். தடுத்த பந்தை எந்த ஸ்கோர்போர்டுல எழுதுறாங்க சொல்லுங்க?

பாரிஸ் ஒலிம்பிக்ஸ் காலிறுதியையே எடுத்துக்குங்க. பிரிட்டனோட மேட்ச், 17வது நிமிஷத்துல அமித் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு, அதுக்கப்புறம் மேட்ச் முடியுற வரைக்கும் நம்ம ஆளுங்க பத்தே பேர், அவங்க அடிக்கிறதும் இவர் தட்டுறதுமா போய்க்கிட்டே இருக்கு, கடைசில 1-1. ஷூட் அவுட்ல என்னன்னா அடிக்கிறவன் 23 மீட்டர் கோட்டுலருந்து பந்தைத் தள்ளிக்கிட்டு வருவான், மொத்தம் 8 செகண்ட், கீப்பர் கோல் லைனை விட்டு ஓடி வந்து ஆங்கிளை அடைக்கணும், சீக்கிரம் விழுந்தா தாண்டிப் போயிருவான், லேட்டா விழுந்தா பந்து உள்ள. 36 வயசுல அந்தக் கனத்த பேடைக் கட்டிக்கிட்டு அதைச் செஞ்சார் மனுஷன். பிரிட்டன்காரங்க ஒரு தடவை மேல தூக்கி அடிச்சாங்க, இன்னொண்ணை இவர் தடுத்தார், 4-2. இப்ப ரெக்கார்டைப் பாருங்க, 1-1ல கோல் போட்டது ஹர்மன்பிரீத்னு இருக்கும். ஸ்ரீஜேஷ் பேர் டீம் லிஸ்ட்ல மட்டும் இருக்கும்.

2014 இஞ்சியான் ஆசிய கேம்ஸ் ஃபைனல்ல பாகிஸ்தானை ஷூட் அவுட்ல நிறுத்தினதும் அவர்தான். டோக்கியோல ஜெர்மனியோட 5-4ல நிக்கிறோம், கடைசி செகண்டுகள்ல அவங்களுக்கு பெனால்டி கார்னர்னு கோல் போட ஒரு நல்ல வாய்ப்பு, அதையும் தடுத்தார், 41 வருஷம் கழிச்சு ஹாக்கில ஒலிம்பிக் மெடல். அப்புறம் கோல் போஸ்ட் மேலயே ஏறி உக்காந்துட்டார், அந்த போட்டோவை நீங்களும் பெருசாப் போட்டீங்க, மறக்கல.

கேரளால கிழக்கம்பலத்துல ஒரு விவசாயி வீட்டுப் பையன், அப்பா மாட்டை வித்து கீப்பர் கிட் வாங்கிக் கொடுத்தார், 2006லருந்து 336 இன்டர்நேஷனல் மேட்ச். இவ்வளவுக்கும் கணக்கா ஒரு நம்பரை ஒதுக்கி வச்சா குறைஞ்சா போயிருவோம்? அடுத்த ஆளுக்கு அநியாயம்ங்கறதும் எனக்கு ஒத்துவரல. இன்னொரு கீப்பர் கிரிஷன் பதக் வருஷக்கணக்கா இவருக்குப் பின்னாடி காத்திருந்தவர், பாரிஸுக்கே ரிசர்வாத்தான் போனார். அவருக்குக் கிடைக்க வேண்டியது கோல் போஸ்ட், அது கிடைச்சாச்சு. இன்னொருத்தர் நம்பரையும் முதுகுல ஏத்தி ஒவ்வொரு கோலுக்கும் ‘ஸ்ரீஜேஷா இருந்தா’னு கேக்க வைக்கணுமா என்ன.

2025 டிசம்பர்ல சென்னைலயும் மதுரைலயும் ஜூனியர் ஹாக்கி வேர்ல்டு கப் நடந்துச்சே, நம்ம டீமுக்கு அப்ப கோச் ஸ்ரீஜேஷ்தான். பெல்ஜியம் கூட காலிறுதி, அதுவும் ஷூட் அவுட், காப்பாத்தினது பிரின்ஸ்தீப் சிங்ங்கற கீப்பர் பையன். கடைசில அர்ஜென்டினாவை 4-2ல ஜெயிச்சு வெண்கல மெடலும் வாங்கினாங்க. எழும்பூர் ஸ்டேடியம்ல நடந்த மேட்சு, அந்தப் பையன் பேர் நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால சார், உங்ககிட்ட ஒரே ஒரு ரிக்வெஸ்ட். ஹாக்கி ரிப்போர்ட் கீழ கோல் போட்டவங்க பேரும் நிமிஷமும் போடுறீங்கள்ல, அதுக்குப் பக்கத்துல ரெண்டு டீம் கீப்பர் பேரையும், அவங்க தடுத்தது எத்தனைன்னும் ஒரு வரி சேர்த்துப் போடுங்க. இடம் பத்தலைன்னா கேப்டன் டாஸ் போடுற போட்டோவைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கலாம்.

இப்படிக்கு,
ஸ்போர்ட்ஸ் பக்கத்தை முதல்ல திருப்புற ஒரு வாசகர்