மூன்று நாள் வேலை, பக்கத்தில் கடல்

அன்பு மகளுக்கு,

மூன்று நாள் வெளியூர் வேலை என்று நேற்று சொன்னாய். "போனால் மீட்டிங், வந்தால் ஹோட்டல், எதையும் பார்க்க நேரம் இருக்காதுப்பா" என்றாய். கடலோர ஊர், மனுஷர்களும் நல்லவர்கள் என்று உன் தோழி சொன்னதையும் அதே மூச்சில் சொன்னாய். இதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, வைக்கிறேன்" என்பாய். அதனால்தான் கடிதம்.

நேரம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலைக்காலம் முழுக்கக் கப்பலின் எஞ்சின் ரூமில் கழித்தவன் நான். நாங்கள் பார்த்த ஊர்கள் எல்லாம் ஷோர் லீவில், அதாவது கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கரையிறங்கக் கிடைக்கும் நேரத்தில், பார்த்தவைதான். கப்பலிலிருந்து இறங்கும் படியான கேங்வே பக்கத்தில் ஒரு பலகை தொங்கும், எத்தனை மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கிய காலத்தில் ஒரு துறைமுகத்தில் பல நாள் நிற்பார்கள். கண்டெய்னர் வந்தபிறகு பல கப்பல்கள் ஒரே நாளுக்குள் கிளம்பிவிடுகின்றன. 2004 ஜூலையில் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் உலகம் முழுக்க இறுகின. அதற்கப்புறம் வாசலைத் தாண்டுவதற்கே பாஸ், சோதனை, வண்டி என்று நேரம் கரையும். மாலுமிக்குக் கரையிறங்க அனுமதி தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம் என்பதைச் சரக்குதான் முடிவு செய்யும். அப்படிக் கிடைத்த அரை நாளில் ஊர் பார்த்தவனிடம் வந்து, மூன்று நாள் போதாது என்கிறாய்!

முதலில் அறை. உன் அலுவலகம் செலவை ஏற்றாலும் சரி, கடல் தெரியும் அறைக்காக மெனக்கெடாதே. விடிந்ததும் கிளம்பி, இருட்டியபின் திரும்புகிறவளுக்கு ஜன்னலில் தெரிவது கறுப்புத்தான். வேலை நடக்கும் இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எடு. காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி மிச்சமாகும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நீ அந்த ஊரைப் பார்க்கப்போகிறாய். முடிந்தால் வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் மாலையே போய் இறங்கிவிடு. காலை விமானத்தைப் பிடித்து நேராக மீட்டிங்கில் உட்கார்ந்தால் அன்று முழுக்கத் தூக்கம்தான் வரும்.

அடுத்தது கடலின் கணக்கு. உன் மொபைல் காலண்டரில் மீட்டிங்குகளுக்குப் பக்கத்தில் இதையும் குறித்துக்கொள். கடல் ஊருக்குக் கிழக்கே இருந்தால் விடியற்காலை உன்னுடையது, மேற்கே இருந்தால் மாலை. வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகும், தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் இருக்கும் சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இது முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் பலமாகும், பொழுது சாய்ந்தபின் அடங்கும். இரவில் தலைகீழாகி, தரையிலிருந்து கடலுக்கு வீசும். அதனால் பெரும்பாலும் அதிகாலையில் தண்ணீர் அமைதியாக இருக்கும், பிற்பகலில் கடல் சிலுசிலுவென்று கொந்தளிக்கும். படகில் போனால் தலைசுற்றும் ஆள் நீ. போவதென்றால் காலையில் போ.

ஏற்றவற்றமும், அதாவது கடல் நீர் ஏறி வடியும் நேரமும், பார்த்துக்கொள். அந்தத் துறைமுகத்தின் நேரப் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்குச் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை ஆறு மணிக்கு நீர் வடிந்து பரந்த மணல் கிடந்தால், மூன்றாம் நாள் அதே மணலுக்கு ஏழே முக்கால் வாக்கில்தான் போகவேண்டும். அதற்குள் உன் மீட்டிங் தொடங்கியிருக்கும். கடற்கரை நடையை முதல் இரண்டு நாளில் வைத்துக்கொள் என்று சொல்ல இது ஒரு காரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகமாக ஏறும், அதிகமாக வடியும். பாறைகளைச் சுற்றி நடக்கப் போனால், வடிந்துகொண்டிருக்கும்போது போய், ஏறத் தொடங்கும்முன் திரும்பிவிடு. மத்தியதரைக் கடல் மாதிரிச் சில இடங்களில் இந்த ஏற்ற இறக்கமே கண்ணுக்குத் தெரியாது, அங்கெல்லாம் இந்தத் தொல்லை இல்லை.

கடலில் இறங்கும் விஷயத்தில் மட்டும் அப்பா கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன், பொறுத்துக்கொள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவில் குளி. காப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதி அது. முழுச் சிவப்புக் கொடி இருந்தால் இறங்கவே வேண்டாம். அலை எங்கும் உடைந்து வெளுக்கும்போது நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் கருமையாக, சாதுவாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் நல்ல இடம் என்று தேர்ந்தெடுப்பார்கள். கரைக்கு வந்த நீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் வழி அது, ஆளையும் கூடவே இழுத்துப்போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதே, ஐந்து நிமிடத்தில் களைத்துவிடுவாய். மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைத் தாண்டியபின் கரைக்குத் திரும்பு. தனியாக இருக்கும்போதும், இருட்டியபின்னும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள். இதில் விவாதம் வேண்டாம்.

சரி, இனி ஊர். அந்த ஊரில் பொதுப் படகுப் போக்குவரத்து இருந்தால், சுற்றுலா வண்டிக்குப் பணம் கொடுக்காதே. ஹாங்காங்கில் ஸ்டார் ஃபெரி, சிட்னியில் மேன்லி போகும் படகு, இஸ்தான்புல்லில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு போகும் படகு, இவையெல்லாம் பஸ் மாதிரி தினசரிப் போக்குவரத்துத்தான். துறைமுக நகரங்கள் தண்ணீரை முன்வாசலாக வைத்துக் கட்டப்பட்டவை. சாலை வழியாக வரும்போது நாம் பின்கட்டைத்தான் பார்க்கிறோம். சுங்க அலுவலகம், பழைய கிடங்குகள், மணிக்கூண்டு எல்லாம் கடலைப் பார்த்தே நிற்கும். அக்கரைக்குப் போய் அடுத்த படகிலேயே திரும்பினாலும் போதும். மீட்டிங்குக்கும் ராத்திரி விருந்துக்கும் இடையில் இது முடிந்துவிடும்.

கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டால் வெளிச்சம் எத்தனை விநாடிக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணிப் பார். பக்கத்துப் பக்கத்து விளக்கங்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம் வைத்திருக்கிறார்கள். பகலில் பட்டைப் பட்டையாக அடித்திருக்கும் வண்ணமும் அதற்காகத்தான். இது உனக்கு ஒரு உபயோகமும் இல்லாத விஷயம். ஆனாலும் எண்ணு.

நல்ல மனுஷர்கள் உள்ள ஊர் என்றாயே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான். துறைமுக ஊர்க்காரர்களுக்கு வேற்றாள் புதிதல்ல. பாஷை தெரியாதவனுக்குக் கையசைத்து வழி சொல்லி அவர்களுக்குப் பழக்கம். ஆனால் அந்தச் சிரிப்பு நாள்தோறும் வந்துபோகும் எல்லோருக்குமானது. அதற்குமேல் ஏதாவது வேண்டுமென்றால் ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போகவேண்டும். பத்து இடத்தைப் பட்டியல் போட்டுக்கொண்டு ஓடாதே. முதல் நாள் காலையில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாயோ, எந்தக் கடையில் ஏதாவது குடித்தாயோ, மறுநாளும் அங்கேயே போ. முதல் நாள் சில்லறை கொடுத்த ஆள் இரண்டாம் நாள் "எந்த ஊர்?" என்று கேட்பார். மூன்றாம் நாள், எந்தப் பக்கம் போகாதே, எங்கே கூட்டம் இருக்காது என்று அவரே சொல்வார். எங்களோடு கப்பலில் இருந்த சமையற்காரர் ஒருவர் இறங்கிய ஊரிலெல்லாம் முடிவெட்டிக்கொள்ளப் போவார். தலையில் முடியே இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து பேச்சுக் கேட்கப் போகிறேன் என்பார். எங்களில் யாரையும்விட அவருக்குத்தான் ஊர்கள் அதிகம் தெரிந்திருந்தன.

உன் அலுவலகத்து உள்ளூர்க்காரர்களிடமும் கேள், ஆனால் "பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்காதே. எல்லோரும் ஒரே நாலு இடத்தைத்தான் சொல்வார்கள். "ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று கேள். வேலைக்கும் இது நல்லது. பத்து மாதமாக ஈமெயிலில் முரண்டு பிடித்த ஆளோடு கடலோரம் அரை மணி நேரம் நடந்தால், மறுநாள் கூட்டத்தில் அவர் தொனியே வேறாக இருக்கும். சிக்கலான பேச்சுகளை முதல் நாளிலேயே வைக்கச் சொல்லிக் கேட்டுப்பார். கடைசி நாளுக்குத் தள்ளினால் மாலைகள் எல்லாம் அதற்குத் தயாராவதிலேயே போய்விடும்.

பெட்டியில் அதிகம் வேண்டாம். மணலில் நடக்க ஒரு செருப்பு, மெல்லிய பருத்தித் துணி, தொப்பி. மேகம் இருந்தாலும் வெயில் சுடும், கடல் நுரை புற ஊதாக் கதிரில் கால் பங்கு வரை திருப்பி அடிக்கும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியும் கேமராவும் வேர்த்துவிடும், துடைக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிடு, தானாகத் தெளியும். லேப்டாப்பை மணற்கரைக்குக் கொண்டு போகாதே.

ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதாக இருந்தால், மேலாளருக்கு இப்போதே எழுத்தில் சொல்லி அனுமதி வாங்கு. அலுவலகக் காப்பீடு அந்தக் கூடுதல் நாளுக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள். பல இடங்களில் வேலை நாட்களோடு அது முடிந்துவிடும். அந்த நாளின் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் உன்னுடையது, ரசீதுகளைத் தனிக் கவரில் போடு. என்னைக் கேட்டால், தங்கு. வேலை தலையில் இல்லாத ஒரு நாள் வேண்டும். அம்மா "எதற்கு வீண் செலவு" என்பாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

திரும்பும் டிக்கெட்டை இன்னும் போடவில்லை என்றாயே, போடுவதற்குமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல். எந்த நாள் என்று தெரிந்தால் அந்தத் துறைமுகத்தின் ஏற்றவற்ற நேரத்தை நானே பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா