லிட்டரைப் பார்த்து வாங்காதே, அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலமாரியை நகர்த்தியதும் சுவரில் தெரிந்த கரும்புள்ளிகள், காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிந்து கட்டையில் தேங்கும் தண்ணீர், பேரனின் கம்பளிச் சட்டையில் அடிக்கும் பூசண வாடை, எல்லாம் ஒரே வியாதியின் அடையாளங்கள். காற்றின் ஈரத்தை இழுத்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்கப் போகிறோம், எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேரன் பிடுங்கிக்கொள்வான். அதனால் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையிடமும் படிக்கக் கொடு.

உன் அம்மா தினமும் சாம்பிராணி போடச் சொல்கிறாள். அதைக் காதில் வாங்காதே. வாடை கொஞ்சம் மறையும், ஈரம் இருந்த இடத்திலேயே இருக்கும், கூரையில் மாட்டியிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி தெருவையே எழுப்பிவிடும்.

ஸ்பின்னிங் மில்லில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் காலம் தள்ளியவனிடம் போய் ஈரத்தை எடுக்க வழி கேட்கிறாயே, அதை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. காற்றில் ஈரம் ஏற்றத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நூற்புக் கூடத்தில் ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நூல் அறும், பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும், மேஸ்திரி என்னைத் தேடி வந்துவிடுவார். நீ இருக்கும் இங்கிலாந்தின் ஓல்டாம் பக்கம் பருத்தி ஆலைகள் குவிந்ததற்கு அந்த வட்டாரக் காற்றின் ஈரமும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். அதுவும் போதாமல் அந்த லங்காஷயர் வட்டார நெசவுக்கூடங்களுக்குள் நீராவியை விட்டார்கள். தொழிலாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, எவ்வளவு ஈரம் ஏற்றலாம் என்று வரம்பு கட்டி 1889இல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

அந்த ஆலைத் தொழிலாளர்கள் குடியிருக்கக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில்தான் நீ இப்போது இருக்கிறாய். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் காற்று இடைவெளி கிடையாது, வெளிக்குளிர் அப்படியே உள்ளே இறங்கும். அந்தக் காலத்தில் அறைக்கு அறை கரி எரிந்தது. புகைபோக்கி வழியாகக் காற்றும் ஓயாமல் வெளியேறியது. இன்று கணப்பை அடைத்துவிட்டார்கள், புதிய ஜன்னல் போட்டுவிட்டார்கள், இண்டு இடுக்கெல்லாம் பூசிவிட்டார்கள். நீங்கள் மூன்று பேர் விடுகிற மூச்சு, குளியல், சோற்றுப் பானை, ரேடியேட்டர் மேல் காயப்போடும் துணி, இத்தனையின் ஈரமும் உள்ளேயே சுற்றுகிறது. ஒரு வாஷிங் மெஷின் துணி மட்டும் காய்ந்து முடிவதற்குள் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றில் விட்டுவிடும்.

குளிர்ந்த மோர்ச் சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறாய். உன் சுவரும் அதைத்தான் செய்கிறது. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்கு இறங்கிய எந்தப் பரப்பிலும் தண்ணீர் கட்டும். பூசணம் அதுவரைகூடக் காத்திருக்காது. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றாலே அதற்குப் போதும். அதே அறையில் சுவர் 15 டிகிரிக்கு வந்தாலே அந்த நிலை வந்துவிடும். அலமாரிக்குப் பின்னால் ஏன் அதிகம் என்று கேட்டாய். அங்கே சூடான காற்று போகாது, சுவர் இன்னும் குளிரும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வை.

ஜன்னலைத் திறந்தால் மழைக்காற்று வந்து இன்னும் ஈரமாகிவிடும் என்று எழுதியிருந்தாய். கோயம்புத்தூர் ஐப்பசி அடைமழைக்கு அது சரி. உன் ஊர் ஜனவரிக்குப் பொருந்தாது. வெளியே 5 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று போன் காட்டினாலும், அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் இருப்பது 6 கிராம் தண்ணீர்தான். அதை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு விழுந்துவிடும். ஆகவே குளித்த பிறகும் சமைத்த பிறகும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலைப் பத்து நிமிடம் அகலத் திற. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று ஒரு டிஷ்யூ தாளை அதன் வாயில் வைத்துப் பார். தாள் ஒட்டிக்கொள்ளாமல் கீழே விழுந்தால் அந்த ஃபேன் வெறும் சத்தத்துக்குத்தான் இருக்கிறது.

இயந்திரத்துக்கு முன்னால் ஈரப்பதமானி வாங்கு. பத்து பவுண்டுக்குள் கிடைக்கும். மில்லில் எங்களிடம் இரண்டு தெர்மாமீட்டர் ஜோடியாக இருக்கும். ஒன்றின் குமிழில் மல் துணித் திரி சுற்றி ஈரமாக வைத்திருப்போம். திரியில் அழுக்கேறினால் கணக்கே தப்பிவிடும் என்பதால் அதை மாற்றுவதுதான் என் முதல் வேலை. உன்னுடையது டிஜிட்டல், திரி கிடையாது, ஆனால் அதுவும் பொய் சொல்லும். சோதித்துப் பார்ப்பது எளிது. பாட்டில் மூடி நிறைய உப்பை எடுத்து, சேறுபோல நனையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடு, கரைத்துவிடாதே. மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மூடி, இரவு முழுக்க விட்டுவிடு. காலையில் டப்பாவைத் திறக்காமலே பார். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி அது சொல்லும் எண்ணோடு 5 கூட்டிக்கொள்.

இன்னொரு சோதனையும் செய். பின்னறை மூலையில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, பழுப்பு விளிம்போடு ஒரு கறை தெரிகிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை. மூச்சுக்காற்றின் ஈரம் அப்படிக் கோடு போடாது. அந்த இடத்தைத் துடைத்து உலரவிட்டு, ஒரு துண்டு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடு. இரண்டு நாள் கழித்துப் பார். அறைப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் உள்காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் மழைத்தண்ணீர் வெளியிலிருந்து இறங்குகிறது. கூரை விளிம்பில் ஓடும் தகரக் கால்வாய் அடைத்திருக்கும், அல்லது செங்கல் இணைப்பில் காரை உதிர்ந்திருக்கும். அப்படியானால் எந்த இயந்திரத்தை ஓட்டினாலும் நீ ஓல்டாம் மழையைத்தான் வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருப்பாய். அதைச் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். 20 லிட்டர், 12 லிட்டர், 8 லிட்டர் என மூன்றின் விவரம் அனுப்பியிருக்கிறாய். ஒரு நாளில் காற்றிலிருந்து எடுக்கும் தண்ணீரின் அளவுதான் அந்த லிட்டர். எண் பெரியதாக இருப்பதால் 20ஐ வாங்கலாம் என்பது மாப்பிள்ளையின் எண்ணம். முதல் இரண்டும் கம்ப்ரசர் வகை, நம் வீட்டு ஃபிரிட்ஜுக்கு உறவு. குளிர்ந்த சுருளில் காற்றை இழுத்து, நீராவியைத் தண்ணீராக்கிச் சொட்டவிட்டு, பின்பு அதே காற்றைச் சூடான சுருள் வழியாக வெளியே விடும். மூன்றாவது டெசிகண்ட் வகை. அதில் ஸியோலைட் என்னும் ஈரம் உறிஞ்சும் தாது பூசிய சக்கரம் ஒன்று மெதுவாகச் சுற்றி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே இருக்கும் ஹீட்டர் அந்தச் சக்கரத்தை உலர்த்திக்கொண்டே இருக்கும்.

கம்ப்ரசர் பெட்டியில் போடும் லிட்டர், பெரும்பாலும் 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஒரு நாள் முழுக்க ஓட்டி அளந்தது. அது கொச்சி மழைக்காலம். டெசிகண்ட் பெட்டியில் போடுவது வழக்கமாக 20 டிகிரி, 60 சதவீதத்தில் அளந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? உன் வீட்டுச் சூட்டில் 12 லிட்டர் இயந்திரம் அதில் பாதியைக் கொடுத்தாலே நல்லது. அறை 15 டிகிரிக்குக் கீழே போகப் போகச் சுருளில் பனி பிடிக்கும், அதை உருக்க இயந்திரம் அவ்வப்போது வேலையை நிறுத்தும், வரும் தண்ணீரும் சுருங்கும். டெசிகண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. எடையும் குறைவு. ஆனால் மின்சாரத்தைக் குடிக்கும். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், 200 வாட் கம்ப்ரசர் எட்டு மணி நேரம் ஓட 40 பென்ஸ். 600 வாட் டெசிகண்டுக்கு 1 பவுண்டு 20 பென்ஸ். மாதம் முழுக்க ஓட்டினால் வித்தியாசம் பில்லில் தெரியும்.

ஆகையால் லிட்டரைப் பார்க்கும் முன் உன் அறையின் வெப்பநிலையைப் பார். இரவில் ஹீட்டிங்கை அணைத்துவிடுகிறோம், காலையில் 13 டிகிரி என்கிறாய். அதுதான் எனக்கு வருத்தம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சின்னப் பையன் இருக்கும் வீட்டில் இந்தச் சிக்கனம் வேண்டாம். சூட்டை முழுதாக அணைக்காமல் 18க்குக் குறையாமல் நிறுத்தி வை. அப்படி வைத்தால் கம்ப்ரசர் வகையே போதும், உங்கள் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 12 லிட்டர் சரியாக இருக்கும் என்பது என் முடிவு. ஹீட்டிங்கே இல்லாத அறைக்கும் காருக்கான கொட்டகைக்கும் என்றால் டெசிகண்ட்தான் என்றிருப்பேன். இன்னொரு ஆறுதலும் உண்டு. ஒரு லிட்டர் நீராவி தண்ணீராகும்போது ஏறக்குறைய 0.7 யூனிட் வெப்பத்தை அறைக்குள்ளேயே விடுகிறது. கட்டும் மின்கட்டணத்தில் ஒரு பகுதி சூடாகத் திரும்பிவிடும்.

கைக்கடக்கமாக, விலை மலிவாக, சத்தமில்லாமல் ஒன்று வருகிறதே என்று கேட்டாய். அது பெல்டியர் வகை, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சின்னத் தகடுதான் அதில் வேலை செய்கிறது. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தால் பெரிது. அலமாரிக்குள் வேண்டுமானால் ஈரத்தை உறிஞ்சும் உப்பான கால்சியம் குளோரைடு டப்பா வை. பேரன் கைக்கு எட்டாமல் வை, அது உருகி வரும் நீர் தோலுக்கு ஆகாது.

வாங்கும்போது ஈரப்பதத்தை நாமே குறித்து வைக்கும் வசதி, குழாய் மாட்டும் துளை, மின்சாரம் போய் வந்தால் தானே ஓடத் தொடங்கும் வசதி ஆகிய மூன்றையும் கேள். வீட்டுக்கு வந்ததும் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்து ஓட்டு, சாய்த்துக் கொண்டுவந்தால் கம்ப்ரசர் எண்ணெய் இடம் மாறியிருக்கும். 55 சதவீதத்தில் நிறுத்து. 40க்கு இறக்கினால் கரண்ட்தான் வீண், உதடும் வெடிக்கும். துணியை வீடு முழுக்கப் பரப்பாமல் சின்ன அறை ஒன்றில் கொடி கட்டிக் காயப்போட்டு, கதவு ஜன்னலைச் சாத்தி இயந்திரத்தை அங்கே ஓட்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவு. தொட்டித் தண்ணீர் பார்க்கத்தான் தெளிவாக இருக்கும், குடிக்க ஆகாது, கழிப்பறையில் ஊற்று.

சுவரில் இப்போது இருக்கும் பூசணத்தை உலர்ந்த துணியால் தேய்க்காதே, தூள் காற்றில் பறக்கும். முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடை. பேரன் அந்த நேரம் கீழே இருக்கட்டும்.

வீட்டுக்காரர் ‘உங்கள் சமையலால்தான்’ என்றாராமே. உனக்குப் பக்கத்து ஊரான ராச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பூசணம் பிடித்த வீட்டில் நெடுநாள் இருந்ததுதான் காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். வீட்டை வாடகைக்கு விட்ட அமைப்பினர் அந்தப் பெற்றோரிடமும் வாழ்க்கை முறையைத்தான் குறை சொல்லியிருந்தார்கள். அந்தக் குழந்தையின் பெயரில் வந்த சட்டம் கவுன்சிலும் வீட்டுவசதி அமைப்புகளும் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வாடகை வீடுகளுக்கு 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உன்னுடையது தனியார் வீடு. அதற்கு, குடியிருக்கத் தகுதியான நிலையில் வீடு இருக்க வேண்டும் என்னும் 2018ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாயால் சொன்னதை அவர் மறந்துவிடுவார். கறையின் படம், அலுமினியத் தாள் சோதனையின் முடிவு, தேதி எல்லாம் போட்டு மின்னஞ்சலில் கேள், மரியாதையாகவே கேள். பதில் வரவில்லையென்றால் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் பேரனை டாக்டரிடம் காட்டி, வீட்டில் பூசணம் இருப்பதையும் சொல்.

காலையும் இரவும் மூன்று அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒரு வாரத்துக்குக் குறித்து எனக்கு அனுப்பு. மாப்பிள்ளை அவசரப்பட்டு 20 லிட்டருக்குப் பணம் கட்டிவிட்டிருந்தால் சண்டை போடாதே. இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல அங்கே சட்டம் இடம் தருகிறது. பெட்டியின் அட்டையை மட்டும் கிழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா